மலர்க்கொடி சேர்த்த கட்டம்

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கவிதா போன் செய்தாள். மலர்க்கொடியின் மகள். "டீச்சர், அம்மா காலையில தவறிட்டாங்க" என்றாள். அழுது ஓய்ந்த குரல். நான் ஏதோ கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "பத்து மணிக்கு உங்க கூட்டத்துக்கு வர்றதா இருந்தாங்க. ஏழு மணிக்கே புடவையெல்லாம் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான். வரலைன்னா எதிர்பார்ப்பீங்கள்ல, அதான் சொல்லிடலாம்னு. அப்புறம் டீச்சர், உங்களுக்குக் குடுக்கணும்னு ஒரு கேன் வச்சிருக்காங்க. அத என்ன பண்றது?"

அது என்ன கேன் என்று மலர்க்கொடியை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரு நாள் காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை பிரியும் சிறுநீர் முழுவதையும், ஒரு தடவை கூட விடாமல், ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். சிறுநீரக நோய்தான் என் துறை. இருபது வருடமாக அந்தக் கேனை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை எனக்குத் தெரிவித்தவர், கும்பகோணத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போய்க்கொண்டிருந்த மலர்க்கொடி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு நடவுக் காலத்தில் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்தபோதுதான் கிரியேட்டினின் என்ற வார்த்தையை முதன்முதலில் கேட்டாராம். பிறகு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் ஒரு வழி பண்ணினார்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் நிறுவனத்தில் ஒரு திட்டம் வந்தது. நோயைப் பற்றி ஆய்வு செய்ய வரும் ஒவ்வொரு மாணவரும் முதல் வருடத்திலேயே அந்த நோய் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். மாணவர்களின் ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டங்களில் ஒரு நோயாளியும் எங்களோடு மேஜையில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். இதை எதிர்த்துப் பேசியவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் மலர்க்கொடிக்குப் பிடிக்காது. "ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ, ஒரு தட்டு பிஸ்கட், அதோடு முடிந்துவிடும்" என்று சொன்னேன். சொன்னபடியே முதல் நாள் சால்வையும் வந்தது. இயக்குநர் அதைப் பிரித்துப் போர்த்தப் போனபோது மலர்க்கொடி எழுந்து இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றார்.

"இது எதுக்கு சார்? நான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே. முடிஞ்சப்புறம் போடுங்க."

சால்வை மடித்தது மடித்தபடி என் அலமாரிக்கு வந்தது. அன்றைக்கே மேஜை மேல் அவருக்காக வைத்திருந்த பெயர்ப் பலகையையும் எடுத்துப் பார்த்தார். 'நோயாளிப் பிரதிநிதி' என்று அச்சடித்திருந்தது. "பிரதிநிதின்னா எலக்சன்ல நிக்கணுமா டீச்சர்?" என்றார். எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் கடைசிவரை நான் டீச்சர்தான்.

அந்த முதல் கூட்டத்தில் தேன்மொழி என்ற மாணவி தன் ஆய்வை விளக்கினாள். அப்போதுதான் சேர்ந்திருந்தாள். எலிகளுக்குச் சிறுநீரகக் கோளாறை உண்டாக்கி மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலை. மலர்க்கொடி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏம்மா, அந்த எலிக்கெல்லாம் தண்ணி யாரு வைக்கிறா?"

"கூண்டுலேயே பாட்டில் மாட்டியிருக்கும்மா. எப்பவும் தண்ணி இருக்கும். எப்ப வேணா குடிச்சுக்கும்."

"குடுத்துவச்ச எலி" என்றார் மலர்க்கொடி.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கு ஒருவராவது யோசித்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

சரவணனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என் மாணவன். திருவாரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நெல் வயலில் வேலை செய்யும் பெண்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பது அவனுடைய ஆய்வு. மூன்று வருடம் ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் அலைந்து, கேன் கொடுத்து, மறுநாள் போய் வாங்கி வந்து பரிசோதித்தவன். மலர்க்கொடியும் அவரோடு நடவு செய்த பெண்களும் அவனுக்குக் கேன் நிரப்பிக் கொடுத்தவர்கள்தான். அவர் எங்கள் மேஜைக்கு வந்த எட்டாவது மாதத்தில் சரவணன் தன் முடிவுகளை முழுமையாகக் கூட்டத்தில் வைத்தான். இன்னும் இரண்டு மாதத்தில் ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அவன் கண்டது இதுதான். அந்தப் பெண்களின் ஒரு நாள் சிறுநீரில் கிரியேட்டினின் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக இருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவு. ஆகவே அந்தப் பெண்களின் உடம்பில் தசை குறைவு, புரதச் சத்து போதவில்லை, அவர்களைப் பருப்பும் முட்டையும் கறியும் கூடுதலாகச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

மலர்க்கொடி கையைத் தூக்கினார். "தம்பி, எங்களுக்குச் சதை இல்லன்னா சொல்றீங்க?"

"சராசரியா பார்த்தா அப்படித்தாம்மா வருது."

அவர் எழுந்து போய்ச் சரவணன் முன்னால் தன் வலது கையை நீட்டினார். "தொட்டுப் பாருங்க. இருபத்தெட்டு வருசமா நாத்துப் பறிச்ச கை. சும்மா தொடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க. இதுலயா சதை இல்ல?" சரவணன் தொட்டான். "சதையெல்லாம் இருக்கு. தண்ணிதான் கூட இருக்கு. அந்தக் கேன்ல நாங்க பைப்புத் தண்ணிய ஊத்தினோம்."

அங்கேயே நின்றபடி அவர் தொடர்ந்தார்.

"நடவுல நிக்கறப்ப நாங்க ஒண்ணுக்கு எங்க போறது? சுத்தி ஒரு மறைவு கிடையாது. வரப்பு நெடுக ஆம்பளைங்க, ரோட்டுல பஸ்ஸு. காலையில வீட்டுல போனா சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்க மாட்டோம். அடக்கவே முடியலன்னா, சேத்துல நின்ன மேனிக்கே விட வேண்டியதுதான். அத எந்தக் கேன்ல புடிக்கிறது? வீட்டுல புடிச்சது அடியில கொஞ்சம்தான் கிடக்கும். இவ்வளவுதானான்னு தம்பி மொகம் வாடிப்போகுமேன்னு ஊத்திக் குடுத்துட்டோம். மத்தவளுங்களுக்கும் நான்தான் சொன்னேன், பாதிக்கு மேல இருந்தா பாக்க நல்லாருக்கும்னு."

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்றான் சரவணன்.

"நீங்க எங்க தம்பி கேட்டீங்க? என்ன சாப்பிட்டேன்னு கேட்டீங்க. என்ன மாத்திரைன்னு கேட்டீங்க. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டீங்க. ஒண்ணுக்கு எங்க போறேன்னு கேக்கலையே."

கிரியேட்டினின் சேற்றில் போயிருந்தது, கேன் குறைந்ததைத் தண்ணீர் மறைத்திருந்தது. எனக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்று நிதானிக்கச் சில நாள் ஆனது. சரவணன் ஆண்பிள்ளை, அவன் கேட்டிருக்க மாட்டான், கேட்டாலும் அந்தப் பெண்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பெண். நாகப்பட்டினத்தில் பள்ளியில் படித்தபோது கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவள். சிறுநீரைப் பற்றியே வாழ்நாளெல்லாம் படித்துவிட்டு, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அதுதான் சுட்டது.

ஆனாலும் அடுத்த இரண்டு நாள் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. "அந்தம்மா ஒருத்தங்க சொல்றத வச்சு மூணு வருச வேலையத் தூக்கிப் போட முடியுமா மேம்?" என்று சரவணன் கேட்டான். எனக்கும் அதே எண்ணம்தான். ஆய்வேட்டின் கடைசியில் 'இந்த ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பூசி மெழுகி நாலு வரி எழுதிச் சமாளித்துவிடலாம் என்று அவனிடம் சொல்லியும்விட்டேன். கூட்டத்தில் கேட்டவர்களும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மலர்க்கொடி தனியாக வந்தார். கூட்டம் எதுவும் இல்லாத நாள். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி, என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சரவணனும் அப்போது அங்கே இருந்தான்.

"அத என்ன பண்ணப் போறீங்க டீச்சர்?"

நான் சப்பைக்கட்டு கட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஆஸ்பத்திரில என்னைப் பருப்பையும் கறியையும் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. கிட்னி கெட்டவங்களுக்கு அது ஆகாதாம். நீங்க கூட்டித் தின்னுன்னு எழுதுவீங்க. எங்க ஊரு நர்சம்மா அதப் படிச்சுட்டு வந்து சொல்லும். என்கூட நடுறவளுங்கள்ல யாருக்கெல்லாம் கிட்னி போயிருக்குன்னு அவளுங்களுக்கே தெரியாது. நல்லதுன்னு நம்பித் தின்னுட்டு சாகணுமா?"

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மலர்க்கொடி அவனை ஆறுதல்படுத்தவில்லை. "அழுங்க தம்பி. அழுதுட்டு வேலையப் பாருங்க. தப்பு நான் பண்ணது. என் பேரப் போட்டு, இன்னார் தண்ணி ஊத்தினான்னு அதையும் எழுதிக்குங்க. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல."

'அதையும் எழுதிக்குங்க.' அவரைத் தெரிந்த ஒவ்வொருவரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். மருந்து சாப்பிட மறந்தால், கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால், எங்களில் யாராவது சுற்றி வளைத்து எதையாவது மழுப்பினால், இந்த வார்த்தைதான் வரும்.

சரவணன் அந்த மூன்று வருடத்துக் கணக்கீடுகளை ஒதுக்கி வைத்தான். கல்யாணம் நடந்தது, ஆய்வு மட்டும் நின்றது. அடுத்து வந்த சம்பா நடவின்போது வயலுக்கு வந்து கவனிப்பதாக அவன் சொன்னான். மலர்க்கொடி சிரித்துவிட்டார். "வரப்புல ஒரு ஆம்பள நிக்கிறதுதான் தம்பி பிரச்னையே. நீங்களும் வந்து நின்னா வெளங்கிடும்." எலிகளை விட்டுவிட்டுத் தேன்மொழி போனாள். நான்கு நாள் அந்தப் பெண்களோடு சேற்றில் இறங்கி நட்டாள். திரும்பி வந்தபோது நிமிர முடியாமல் நடந்தாள். யார் எப்போது எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று அவள் எழுதி வந்த நோட்டில் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது. காலை டீக்குப் பிறகு சாயங்காலம் வரை அந்த நோட்டில் எழுத ஒன்றுமே இருக்கவில்லை.

இனிமேல் கேன் கொடுக்கப் போகும் எந்த மாணவரும் முதலில் ஒரு நாள் தானே கேனைத் தூக்க வேண்டும் என்று மலர்க்கொடி கூட்டத்தில் சொன்னார். "வழிகாட்டிங்களும்தான்" என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தார். தப்பிக்க வழியில்லை. நான் கும்பகோணத்தில் குடியிருக்கிறேன். கேனை ஒரு வயர் கூடைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கூடையை எட்டிப் பார்த்தார். "எண்ணெய்ங்களா மேடம்? மூடிய நல்லா இறுக்கிக்குங்க. போன வாரம் ஒருத்தர் சிந்திட்டு பஸ்ஸே நாறிப்போச்சு" என்றார். நான் இறுக்கிக்கொண்டேன்.

மத்தியானம் நான் தோற்றேன். எங்கள் மாடியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மூன்று பேராசிரியர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை. கூடையை அறையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் வந்தேன். ஒரு தடவை விட்டுப்போயிற்று. மறுநாள் காலை கேனைப் பார்த்தபோது அளவு குறைவாகத் தெரிந்தது. நம்பினால் நம்புங்கள், என் கை குழாய்ப் பக்கம் போனது. இந்தத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவளின் கை. ஊற்றவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மலர்க்கொடியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பிறகு கேனோடு கொடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பெயர், வயது, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று கட்டங்கள் இருந்தன. "இதுல விட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு எடமே இல்லையே டீச்சர். எடம் இல்லன்னா ஊத்தத்தான் செய்வாங்க. நீங்களே ஊத்தப் பாத்தீங்கள்ல. போடுங்க ஒரு கட்டம்."

அப்படித்தான் எங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தது. 'விட்டுப்போனது, சிந்தியது, தண்ணீர் ஊற்றியது ஏதாவது உண்டா? இருந்தால் எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.' கடைசி வாக்கியம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஆய்வுப் படிவத்தில் இப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை என்று நெறிமுறைக் குழுவில் சொன்னார்கள். மலர்க்கொடி நேரில் போய், "அப்ப கோவிச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். அனுமதி கிடைத்தது. மாணவர்கள் இன்றைக்கும் அதை மலர்க்கொடி கட்டம் என்றுதான் சொல்கிறார்கள். புதுப் படிவங்களோடு சரவணன் மறுபடியும் தொடங்கினான். வயலுக்குப் போகும் நாள், போகாத நாள் என்று இரண்டு நாள் கேன் வாங்கினான், பெண்களிடம் பேசத் தேன்மொழி போனாள். கட்டங்கள் நிறைந்து வந்தன. எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, எழுதத் தெரிந்த மகள்கள் எழுதியிருந்தார்கள்.

அந்த வருடம் நோன்பு மாதத்தில் ஒரு நாள் கூட்டத்துக்குக் காபி வந்தபோது நான் எடுத்துக்கொள்ளவில்லை. "நோன்பா டீச்சர்?" என்றார் மலர்க்கொடி. ஆமாம் என்றேன். "தண்ணியும் கிடையாதுல்ல?" கிடையாது என்றேன். அவர் தன் காபியைக் குடிக்காமல் மேஜை மேல் வைத்தார். "உங்களுக்கு சாயந்திரம் கஞ்சி இருக்கு, மாசம் முடிஞ்சா பெருநாள் இருக்கு. எங்களுக்கு நடவு முடிஞ்சா களையெடுப்புதான்." குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதில்லை அது. பக்கத்து வயல்காரியிடம் சொல்வது போலச் சொன்னார். என் வீட்டில் அன்று மாலை நோன்பு திறக்கும்போது முதல் வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். மலர்க்கொடியின் நினைப்பில் அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

சரவணனின் வாய்மொழித் தேர்வு இரண்டு வருடம் தள்ளி நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் மலர்க்கொடி தன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார். முன்வரிசை முழுக்க அவர்கள்தான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, முதல் மூன்று வருடத்து முடிவுகள் எல்லாவற்றையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவன் பயப்படுவான் என்று நான் நினைத்திருந்தேன். சரவணன் முன்வரிசையைக் கைகாட்டினான். "அவங்க சொன்னதால சார். அவங்க சொல்லலைன்னா இது தப்பான ஆய்வு. அவங்க பேரும் அவங்க சொன்னதும் இரண்டாம் அத்தியாயத்துல இருக்கு" என்றான்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் மலர்க்கொடி எழுந்தார். "தம்பி, நல்லா சொன்னீங்க. தண்ணி குடிக்காததுதான் எங்க கிட்னியக் கெடுக்குதுன்னு தெரியுது. இப்ப எங்க வயல்ல என்ன மாறியிருக்கு?"

சரவணன் அவரைப் பார்த்து, "இதுவரைக்கும் ஒண்ணும் மாறலம்மா" என்றான்.

"சரி. அதையும் எழுதிக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். தேர்வாளர் உண்மையாகவே எழுதிக்கொண்டார். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. அடுத்த நடவுக்குள் மலர்க்கொடி தானே ஒரு வேலை செய்தார். நான்கு மூங்கில் கழியும் இரண்டு பழைய தார்ப்பாயும் வாங்கி, நடவு நடக்கும் இடத்துக்கெல்லாம் கூடவே எடுத்துப் போய் வயல் மூலையில் மறைப்புக் கட்ட வைத்தார். நிலத்துக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். மறைப்பு இல்லாத வயலுக்கு ஆள் வராது என்று இவர் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

அவர் ஒன்றும் அப்பழுக்கில்லாத நோயாளி இல்லை. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் குடிக்க முடியாத தண்ணீர், குடிக்க நேரம் கிடைத்தபோது குடிக்கக் கூடாததாகிவிட்டது. "என் கூத்தப் பாத்தீங்களா டீச்சர்" என்பார். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஒரு டம்ளர் காபி குடிக்காமல் பஸ் ஏற மாட்டார். பக்கத்தில் கவிதா முறைத்துக்கொண்டு நிற்பாள். டயாலிசிஸுக்குப் போகும்போது எடை கூடியிருக்கும். நர்ஸ் கேட்பதற்கு முன்பே, "காபிதான், எழுதிக்குங்க" என்று சொல்லிவிடுவாராம். கோபம் அதிகம். மாணவர்கள் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். இப்படிக் கூட்டங்கள் இரண்டு மூன்று தடவை பாதியில் நின்றிருக்கின்றன. அதற்காக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். சண்டையில் ஜெயித்ததாக நினைவில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் கொஞ்சம் சிறுநீர் பிரிவதுண்டு. அதை அளப்பது பற்றித் தேன்மொழி இப்போது ஒரு முறையைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். புது முறை எதுவானாலும் முதல் கேன் மலர்க்கொடியுடையது என்பது எங்களுக்குள் சொல்லாமலே ஏற்பட்ட ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முடித்திருக்கிறார். ஏழரைக்கெல்லாம் போய்விட்டார்.

நானும் தேன்மொழியும் பதினோரு மணி பஸ்ஸில் போனோம். அலமாரியிலிருந்த சால்வையையும் எடுத்துக்கொண்டேன். நடவுப் பெண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு எந்த வயலிலும் நடவு இல்லை என்று ஒருத்தி சொன்னாள். சால்வையைப் போர்த்தினேன். முடிந்த பிறகு போடச் சொன்னவர் அவர்தானே, வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

கவிதா உள்ளே போய் வயர் கூடையை எடுத்து வந்தாள். துண்டு போட்டு மூடியிருந்தது. கேனின் மேல் ரப்பர் பேண்டில் சுருட்டி மாட்டியிருந்த படிவத்தைத் தேன்மொழி பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அந்தக் கட்டத்தில், நோட்டுப் புத்தகத்தில் ஆள் கணக்கு எழுதிப் பழகிய அந்தப் பெரிய எழுத்துகளில், மூன்று வரி இருந்தது.

'விடியக்காலம் ஒரு தடவை விட்டுப்போச்சு. எழுந்திரிக்க முடியல, பாயிலயே போயிடுச்சு. தண்ணி ஊத்தல.'

ஒரு காலத்தில் ஒரு மாணவனின் முகம் வாடக்கூடாதே என்று குழாயைத் திறந்தவர். சொல்வதற்கு இதைவிடக் கூச்சமான விஷயம் ஒரு பெண்ணுக்கு இல்லை. அதை எழுதி, புடவை கட்டி, பஸ்ஸுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

"ரிஜெக்ட்தானே மேம்?" என்று தேன்மொழி கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கேட்டாள். ஒரு தடவை விட்டுப்போன கேனைக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த விதியை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர் உள்ளே படுத்திருந்தார்.

"ஆமா, ரிஜெக்ட்" என்றேன். "காரணம் அவங்க எழுதின வார்த்தையிலேயே இருக்கட்டும்."

கேனை எடுத்துச் சென்று விதிப்படி கழித்துவிட்டோம். படிவத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. அவர் கைப்பட எழுதிய மூலப் படிவத்தைக் கவிதாவிடம் கேட்டு நான் வாங்கிக்கொண்டேன். மலர்க்கொடியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தாள்தான். வரும் மாதம் புது மாணவர்கள் சேருகிறார்கள். அவர்களுக்கு என் முதல் வகுப்பு இந்த மூன்று வரிகளைப் படித்துக் காட்டுவதுதான். படிக்கும்போது என் குரல் உடையும். உடைந்தால், அதையும் எழுதிக்கொள்ளட்டும்.